கழற்றாத சட்டை

கூட்டத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். கோயில் கமிட்டித் தலைவர் பேச்சிமுத்து. அவருக்கு ஒரு காது கேட்காது, எந்தக் காது என்பதைச் சௌகரியத்துக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்வார். செயலாளர் வேல்முருகன், சுற்றுலாக்காரர்களை ஜீப்பில் ஏற்றி மலை காட்டுகிறவன். பேக்டரி எடைமேடையில் நிற்கும் சிவனணைஞ்சான். கொழுந்தெடுக்கும் பெண்கள் சார்பில் கற்பகம். சார்பில் என்றால் எல்லோருக்கும் டீ ஊற்ற. கடைசியாகச் சுவரோரம், கழுத்துப் பட்டன்வரை சட்டையை மாட்டிக்கொண்டு கருத்தப்பாண்டி.

சித்திரபுரத்துக்கு மேலே உள்ள அந்த எஸ்டேட் டிவிஷனில், முத்துமாரியம்மன் கொடைத் திருவிழாவுக்குக் கரகம் எடுப்பது கருத்தப்பாண்டிதான். அவருக்கு முன்னால் அவருடைய அப்பா எடுத்தார். அறுபது தாண்டி, பேக்டரியிலிருந்து ரிட்டயர் ஆன பிறகும் கரகத்திலிருந்து மட்டும் கருத்தப்பாண்டி ரிட்டயர் ஆகவில்லை. கரகத்தோடு, வீடுகள் வரிசையாய் ஒட்டி நிற்கும் லயத்துக்கு லயம் அவர் இறங்கி வரும்போது, முதல் நாள் குடித்துவிட்டுப் பெண்டாட்டியை அடித்தவன்கூட அவர் காலில் விழுவான். அந்த ஒரு நாளுக்காக மீதி வருஷத்தை எப்படி வேண்டுமானாலும் ஓட்டிவிடலாம் என்று அவருக்குத் தோன்றும்.

வெளியே பள்ளிவாசல் எஸ்டேட் பக்கமிருந்து மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது. கோயில் கொட்டகைக்குள் எல்லோரும் ஸ்வெட்டரும் மப்ளருமாகச் சுருண்டு உட்கார்ந்திருந்தார்கள். கருத்தப்பாண்டிக்கு மட்டும் வியர்த்தது. அடிவயிற்றில் கிளம்பிய சூடு நெஞ்சு வழியாக ஏறி முகத்தில் வந்து வெடித்தது. துண்டை எடுத்துத் துடைத்தார். துடைக்கத் துடைக்க ஊறியது.

"என்ன அண்ணாச்சி, இந்தக் குளிர்ல உங்களுக்கு இப்படி வேர்க்குது?" என்றான் வேல்முருகன்.

"டீ சூடா இருக்கு."

"நீங்க டீயைத் தொடவே இல்லையே," என்றாள் கற்பகம்.

சிவனணைஞ்சான் சிரித்தான். கருத்தப்பாண்டி அந்தச் சிரிப்பை எடை போட்டுப் பார்த்தார். வெறும் சிரிப்பு மாதிரி இல்லை.

வேல்முருகன் தொண்டையைச் செருமினான். "ஒண்ணும் தப்பா நெனைக்காதிய. காப்புக் கட்டுற அன்னிக்கு எப்பவும்போல மேல்சட்டை இல்லாம வந்து நின்னுட்டா போதும். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டோம்."

"எப்பவும் அப்படித்தானே நிக்கேன்?"

"போன தடவை விளக்குப் பூசைக்குச் சட்டையோட வெளியவே நின்னிய. சிவராத்திரிக்கு வரவே இல்லை. பைப்படியில பனியனோட குளிக்கிறியளாம். ட்ரையர் முன்னால வெறும் மேலோட முப்பது வருசம் நின்ன மனுசன். ஆளுக்கு ஒண்ணு பேசுதாவ."

"என்ன பேசுதாவ?"

பேச்சிமுத்து கேட்காத காதைத் திருப்பிக் காட்டினார்.

"இப்பவே மேல் பட்டன் ரெண்டைக் கழட்டுனாக்கூடப் போதும். காத்தோட்டமா இருக்கும்ல?" என்றான் சிவனணைஞ்சான்.

கருத்தப்பாண்டியின் கை தானாகக் கழுத்துக்குப் போய் பட்டனைப் பிடித்துக்கொண்டது. அந்தக் கையை எல்லோரும் பார்த்தார்கள்.

"காப்பு அன்னிக்குப் பாத்துக்கிடலாம்," என்று சொல்லிவிட்டு எழுந்தார். டீ அப்படியே இருந்தது.

தெரிந்துவிட்டது. இறங்குபாதையில் அவர் மண்டைக்குள் இது ஒன்றுதான் ஓடியது. எவனோ சொல்லியிருக்கிறான், அல்லது எவளோ.

சொல்லக்கூடியவர்கள் மூன்றே பேர். பெண்டாட்டி மூக்கம்மாள். சிநேகிதன் செபாஸ்டின். பிறகு மோனிஷா. மோனிஷா இந்த வார்டின் ஆஷா வர்க்கர். யாருக்குச் சர்க்கரை, யாருக்கு டி.பி. என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அவள் வேல்முருகனின் பெண்டாட்டியும்கூட. கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது என்று கருத்தப்பாண்டி நினைத்தார். ஆனாலும் மற்ற இரண்டு பேரையும் விட்டுவிட மனசு வரவில்லை.

அவருக்குப் புராஸ்டேட்டில் புற்றுநோய். மூத்திரப்பைக்குக் கீழே ஆண்களுக்கு மட்டும் இருக்கிற ஒரு சுரப்பி அது. மூத்திரம் சொட்டுச்சொட்டாக வந்த காலத்தில் செபாஸ்டின்தான் கீழே கோதமங்கலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். மலையாளத்தில் நிதானமாகப் பேசிய டாக்டர், ஆண்தன்மைக்கான ஹார்மோன்தான் இந்தக் கட்டிக்குத் தீனி என்றார். மாத்திரை அந்தத் தீனியைக் கட்டிக்குப் போய்ச் சேரவிடாது. தினமும் போட வேண்டும், நாமாக நிறுத்தக் கூடாது. உடம்பு சுடும், ஆசை குறையும், மார்பு வலித்து வீங்கும், பயப்பட வேண்டாம், ஆனால் வந்து சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் சொல்லத்தான் சொன்னார். வீக்கம் என்றதும் கருத்தப்பாண்டி கால் சுளுக்கு வீங்குவதைப் போல நினைத்துக்கொண்டார். கொஞ்ச நாளில் வற்றிவிடும் என்று.

வற்றவில்லை. முதலில் காம்புக்கு அடியில் ஒரு புளியங்கொட்டை மாதிரி உருண்டது. சட்டை உரசினாலே வலித்தது. பிறகு இரண்டு பக்கமும் திரண்டு நின்றன. வயசுக்கு வரப்போகிற பெண்ணுக்கு இருப்பதைப் போல. மாத்திரையால் மூத்திரம் நன்றாகப் போனது, இடுப்பு வலி விட்டது, இரத்தப் பரிசோதனையைப் பார்த்து டாக்டர் தலையாட்டினார். இந்த இரண்டை மட்டும் அவர் டாக்டரிடம் சொல்லவில்லை. சொன்னால் தொட்டுப் பார்ப்பார்கள்.

செபாஸ்டின் தன் லயத்துக்குப் பின்னால் பீன்ஸ் கொடிக்குக் கம்பு ஊன்றிக்கொண்டிருந்தான். வேலையில் இருந்தபோது பாய்லர்காரன். இப்போது சொந்தமாக ஒரு ஆட்டோ வைத்திருக்கிறான்.

"நீதான்லே சொன்ன," என்றார் கருத்தப்பாண்டி, வாசலில் நின்றபடியே.

"எதை?"

"எம் மாரைப் பத்தி."

செபாஸ்டின் கம்பைக் கீழே போட்டான். அவனுக்கும் அதே நோய்தான். மாத்திரையெல்லாம் வேண்டாம் என்று விதையையே எடுத்துவிடச் சொல்லிவிட்டான். ஊருக்கு ஹெர்னியா ஆபரேஷன் என்று அறிவிப்பு. "உன் கதையைச் சொல்லணும்னா முதல்ல என் கதையைச் சொல்லணும். எனக்குக் கீழ உள்ளதை எடுத்தான், உனக்கு மேல ரெண்டு குடுத்தான். ரெண்டு பேரும் சேந்து ஒரு முழு ஆளுன்னு கோயில்லயும் சர்ச்லயும் போய் மைக் போட்டுச் சொல்லட்டுமாலே?"

"குடிச்சா நீ என்ன வேணாலும் சொல்லுவ."

"நான் குடிச்சே ஒரு வருசம் ஆச்சு. ஒனக்குத் துணைக்கு வரணும்னு விட்டேன். போலே வீட்டுக்கு."

கருத்தப்பாண்டி போனார். வழியில் யோசித்தார். இவ்வளவு கோபம் வருகிறது என்றால் ஏதோ இருக்கிறது.

அன்றைக்குச் சாயங்காலமே மாத்திரையை நிறுத்தினார். அட்டையிலிருந்து வழக்கம்போலப் பிதுக்கி எடுத்தார். மூக்கம்மாள் பார்க்கும்படி தண்ணீர் குடித்தார். மாத்திரை விறகடுப்புக்குள் போனது. காப்புக் கட்ட இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் வற்றிவிடும். கொடை முடிந்து மஞ்சள் தண்ணி ஊற்றிய மறுநாள் திரும்ப ஆரம்பித்துக்கொள்ளலாம். கட்டி என்ன, ஓடியா போய்விடும்?

தினமும் குளியல் தடுப்புக்குள் முகக் கண்ணாடியைச் சாய்த்து வைத்துப் பார்த்தார். சூடு அடங்கியது. வியர்வை நின்றது. மார்பு மட்டும் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. எலாஸ்டிக் துணியைச் சுற்றி இறுக்கிப் பார்த்தார்; மூச்சு முட்டியதுதான் மிச்சம். வெளியே பைப்படியில் பெண்கள் சிரித்தால் கண்ணாடியைக் கவிழ்த்துவிட்டுக் காது கொடுத்தார். அவர்கள் யாருடைய மாமியாரைப் பற்றியோ பேசிக்கொண்டிருந்தார்கள். அல்லது அவர் இருப்பது தெரிந்து பேச்சை மாற்றிவிட்டார்கள்.

ஒருநாள் மோனிஷா வீட்டுப் படிவரைக்கும் வந்தாள். "மாத்திரை ஒழுங்கா போடுறியளா பெரியப்பா? தீந்துதுன்னா சொல்லுங்க, நான் எழுதி அனுப்புதேன்."

"எழுதி அனுப்பு. அப்படியே ஒம் புருசனுக்கும் ஒரு காப்பி குடு."

அவள் முகம் சுண்டியது. "என் வேலையில உள்ளதை நான் வீட்டுக்குக் கொண்டுபோறதில்லை. கமிட்டியில பேசிக்கிறதே வேற விஷயம் பெரியப்பா. அவுக நெனைக்கிறது..."

"ஒருத்தரும் ஒண்ணும் நெனைக்க வேண்டாம்." கதவை முகத்தில் அடித்தார்.

நாலு வாரம் போனதும் மூக்கம்மாள் கண்டுபிடித்தாள். அவள் அட்டையையும் பார்க்கவில்லை, அடுப்பையும் கிளறவில்லை. காலையில் கொழுந்துக்குக் கிளம்பும்போது, தலையில் துணியைக் கட்டிக்கொண்டே கேட்டாள்.

"மாத்திரையை என்ன செய்றிய?"

"முழுங்குறேன். வேற என்ன செய்வாவ?"

"போன மாசம்வரைக்கும் பனியில கிடந்து போர்வையைத் தூக்கி எறிஞ்சிய. இப்ப எம் போர்வையையும் சேத்து இழுத்துக்கிடுறிய. அடிக்கொருதரம் பின்பக்கம் போறிய, வாறிய. போனா உடனே வாறதும் இல்லை. என்ன செய்றிய மாத்திரையை?"

அவள் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். கூடை பக்கத்தில் இருந்தது. மஸ்டரில் பேர் கொடுக்க நேரமாகிக்கொண்டிருந்தது.

"கரகத்துக்காகவா?"

"சட்டையைக் கழட்டச் சொல்லுதாவ."

"கழட்டுங்க."

"வெக்கமில்லாமப் பேசாத. அம்புட்டு பேரும் பாப்பாவ. கருத்தப்பாண்டிக்கு முலை வந்துருக்குன்னு சொல்லுவாவ."

"வந்தா என்ன? நான் ரெண்டைச் சுமந்துக்கிட்டு, அதுக்கு மேல கொழுந்துச் சாக்கையும் சுமந்துக்கிட்டு இந்த மலையை ஏறி இறங்கலையா? செத்தா போனேன்?"

"நீ பொம்பள."

"அதனால?"

இவள்தான் பைப்படியில் சொல்லியிருப்பாளோ என்று அந்த நேரத்திலும் அவருக்குத் தோன்றியது. அவள் அதைக் கண்ணிலேயே படித்துவிட்டாள். கூடையைத் தூக்கிக்கொண்டு, "தாலி கட்டுனதுலேருந்து எம்மேல சந்தேகம். இப்ப உங்க மாரைப் பத்தியும் எம்மேலதான் சந்தேகம்," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

அதற்கப்புறமும் அவர் மாத்திரையைப் போடவில்லை. இன்னும் கொஞ்ச நாள்தானே.

காப்பு அன்றைக்குக் காலையில் மூத்திரம் அடைத்துக்கொண்டது.

எழுந்ததிலிருந்து போய்ப் போய் நின்றார். ஒரு சொட்டு வரவில்லை. விடிந்து மேளக்காரர்கள் வந்து இறங்கியபோது அடிவயிறு கல்லாகப் புடைத்திருந்தது. தொட்டால் உயிர் போனது. மூக்கம்மாள் பின்வாசலில் நின்று பார்த்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. நேராகப் போய் செபாஸ்டினைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

செபாஸ்டின் ஒரு பார்வை பார்த்தான். "எனக்கும் இப்படித்தான் ஆச்சு. ட்யூப் போட்டு எடுக்கணும். இங்க உள்ள டிஸ்பென்சரியில ஆகாது. கீழ போகணும். இப்பவே."

"காப்புக் கட்டிட்டுப் போறேன்."

"கட்டுன பிறகு எப்படிப் போவிய?" என்றாள் மூக்கம்மாள்.

அதுதான் விஷயம். காப்புக் கட்டியவன் கொடை முடிகிற வரைக்கும் எஸ்டேட் கேட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அந்த வருஷம் கொடையே கிடையாது. பல வருஷத்துக்கு முன்னால் ஒருவன் பெற்ற தாய் சாவுக்கு மதுரைக்குப் போகாமல் கேட்டுக்குள்ளேயே நின்று அழுதான்.

"தாங்கிக்கிடுவேன்."

"தாங்குறதுக்கு இது பல்லுவலி இல்லைலே. பை வெடிச்சிரும், இல்லைன்னா கிட்னி போயிரும்," என்றான் செபாஸ்டின். "ஆட்டோவைக் கோயிலுக்குக் கீழ நிறுத்துதேன். உள்ள போயி என்னத்தைச் சொல்லுவியோ சொல்லிட்டு வா."

கோயிலுக்கு மேடேற வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நேரம் ஆனது. ஒவ்வொரு படிக்கும் கண்ணில் பூச்சி பறந்தது. கொட்டகை முழுக்க ஆட்கள். மஞ்சள் கரைத்த குடம் தயாராக இருந்தது. சட்டையோடு அவர் நுழைந்ததும் மேளம் தானாகத் தணிந்தது. சிவனணைஞ்சான் பேச்சிமுத்துவின் கேட்கிற காதில் என்னவோ சொன்னான்.

கருவறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. கரகம் ஜோடிப்பது அதற்குள்தான். வேப்பிலைக் கட்டும் அரளியும் பித்தளைக் குடமுமாக அங்கே வேல்முருகன் நின்றுகொண்டிருந்தான். கையில் மஞ்சள் கயிறு.

"நீ மட்டும் இரு," என்று சொல்லிக் கதவைச் சாத்தினார் கருத்தப்பாண்டி.

அவராகவே பட்டனைக் கழற்றினார். மேலிருந்து கீழே. எலாஸ்டிக் துணியையும் அவிழ்த்துக் கீழே போட்டார்.

வேல்முருகன் நெருங்கி வந்தான். முதலில் அவர் கழுத்தைத்தான் பார்த்தான். பின்கழுத்தில் விரலை விட்டுத் தடவினான். சங்கிலி எதுவும் தட்டுப்படவில்லை. அதற்குப் பிறகுதான் அவன் கண் கீழே இறங்கியது.

"சிலுவை இல்லையா?" என்றான்.

"என்ன சிலுவை?"

"செபாஸ்டின் அண்ணனோட மாசாமாசம் கீழ போறிய. அவர் உங்களை வேதத்துல சேத்துட்டாருன்னும், சட்டைக்குள்ள சிலுவை கிடக்குன்னும்தான்..." அவன் நிறுத்தினான். "இது என்ன அண்ணாச்சி?"

"கேன்சருக்கு மாத்திரை. அதனால வந்தது."

வேல்முருகன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். வேண்டுமென்று செய்யவில்லை. குளிக்கிற பெண் மேல் தெரியாமல் கண் பட்டுவிட்டால் ஆண்பிள்ளை எப்படித் திரும்புவானோ அப்படித் திரும்பினான். அத்தனை நாள் பயந்தது இந்த ஒன்றுக்குத்தான் என்று கருத்தப்பாண்டிக்கு அப்போது புரிந்தது. சிரிப்பைக்கூடத் தாங்கியிருப்பார். அவசரமாகச் சட்டையை மாட்டினார். கழுத்துப் பட்டன் மட்டும் மிச்சம்.

"யாருக்கெல்லாம் தெரியும்?" சுவரைப் பார்த்தே கேட்டான்.

"எம் பொண்டாட்டிக்கு. செபாஸ்டினுக்கு. ஒம் பொண்டாட்டிக்கு."

வேல்முருகன் சட்டென்று திரும்பினான். "மோனிஷாவுக்கா? எப்பலேருந்து?"

"முதல்லேருந்தே."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே அவ." அவன் முகத்தில் இப்போது வேறு ஒன்று ஓடியது. இதையே சொல்லாதவள் இன்னும் எதையெல்லாம் சொல்லாமல் வைத்திருக்கிறாளோ என்கிற யோசனை. கருத்தப்பாண்டிக்கு அது பழகிய முகம். இத்தனை நாள் அவர் கண்ணாடியில் பார்த்தது.

வெளியே பேச்சிமுத்து கதவைத் தட்டினார். "நேரம் ஆவுதுலே!"

வேல்முருகன் மஞ்சள் துண்டு ஒன்றை எடுத்து நீட்டினான். "இதைத் தோளோட சுத்திப் போத்திக்கிடுங்க. உடம்புக்குச் சொகமில்லைன்னு நான் சொல்லிக்கிடுதேன். சிலுவை இல்லைன்னு நான் சத்தியம் பண்ணினா யாரும் பேச மாட்டாவ. கையை நீட்டுங்க, கட்டிருவோம்."

கருத்தப்பாண்டி துண்டை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு கையை நீட்டினார். பழக்கம். கயிறு மணிக்கட்டில் பட்டது. மஞ்சள் ஈரம் சில்லென்று இருந்தது. கேட்டது கிடைத்துவிட்டது. சட்டைக்குப் பதில் துண்டு, கரகம் அவருடையதுதான். அடிவயிற்றில் கத்தியை வைத்துத் திருகியது போல ஒன்று இழுத்தது. குடத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். வாய் வழியாக நாய் மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"என்ன அண்ணாச்சி?"

"கட்டாத."

"முடிச்சு ஒண்ணுதான் பாக்கி."

"கட்டாதங்கிறேன்ல? மூத்திரம் அடைச்சிருக்கு. மாத்திரையை நான் நிறுத்திட்டேன், இதுக்காக. கீழ போயாகணும். கட்டுனா போக முடியாது."

வேல்முருகன் கயிற்றைப் பிடித்தபடியே நின்றான். "நீங்க இல்லைன்னா யாரு எடுக்கிறது?"

"எவனாவது எடுக்கட்டும். நீ எடு."

"வெளிய நான் என்னத்தைச் சொல்ல?"

கருத்தப்பாண்டி துண்டை மடித்துக் குடத்தின் மேல் வைத்தார். வெளியே அத்தனை பேர். மார்பைச் சொன்னால் இந்த மலை முழுக்கச் சொல்வார்கள். அவர் செத்த பிறகும் சொல்வார்கள். பேரன் பேத்தி காலத்திலும் ஒருத்தன் சொல்லிச் சிரிப்பான்.

"ஒண்ணும் சொல்லாத. அவுகளே சொல்லிக்கிடுவாவ."

"வேதத்துல சேந்துட்டியன்னு சொல்லுவாவ அண்ணாச்சி. லயத்துல ஒருத்தன் உங்க வீட்டுத் தண்ணியைக் குடிக்க மாட்டான். அம்மன் முன்னால சத்தியமா எதுவும் இல்லைன்னு நான் சொல்லுதேன்."

"அப்புறம் ஏன் சட்டையைக் கழட்டலைன்னு கேப்பான் அந்தச் சிவனணைஞ்சான். அதுக்கு என்ன சொல்லுவ?"

வேல்முருகன் காப்புக் கயிற்றை விரலில் சுற்றினான்.

"அதான். சிலுவையே இருந்துட்டுப் போகட்டும்," என்றார் கருத்தப்பாண்டி. கழுத்துப் பட்டனையும் மாட்டினார்.

கதவைத் திறந்ததும் கற்பகம் குலவை போட ஆரம்பித்தாள். மற்ற பெண்களும் சேர்ந்தார்கள். சட்டையோடு, காப்பில்லாத கையோடு அவர் வெளியே வந்ததைப் பார்த்ததும் குலவை பாதியில் அறுந்தது. மேளக்காரன் ஒரு அடி அடித்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான். பேச்சிமுத்து வழியை விட்டு ஒதுங்கினார், மேலே பட்டுவிடக் கூடாது என்பது போல.

கீழே ரோட்டில் செபாஸ்டினின் ஆட்டோ உறுமிக்கொண்டு நின்றது. முன்கண்ணாடியில் மாதா படம், அதிலிருந்து தொங்கும் ஜெபமாலை. பின்சீட்டில் ஒரு பையை மடியில் வைத்துக்கொண்டு மூக்கம்மாள். கொட்டகையிலிருந்து அத்தனை பேரும் அந்த ஆட்டோவைப் பார்த்தார்கள், பிறகு அவரைப் பார்த்தார்கள்.

"நான் அன்னிக்கே சொன்னேன்லா?" சிவனணைஞ்சானின் குரல். தணித்துப் பேசக்கூட அவன் மெனக்கெடவில்லை.

கருத்தப்பாண்டி படியில் கால் வைத்தார். வேல்முருகன் இப்போது ஏதாவது சொல்வானா என்று காத்திருந்தார். சொல்லிவிடுவானோ என்று பயந்தார். இரண்டும் ஒரே நேரத்தில் இருந்தன. இன்னொரு படி இறங்கினார்.

பின்னால் வேல்முருகன் ஒன்றும் சொல்லவில்லை. ஜோடிக்காத குடத்தையும் கீழே கிடந்த எலாஸ்டிக் துணியையும் உள்ளேயே விட்டுவிட்டு வெளியே வந்து, கரக அறைக் கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினான்.